எடையும் சுவையும்

கூட்டுறவுப் பண்டகசாலையிலும், ஊர்ச் சந்தையிலும், நகரத்துப் பெருங்கடையிலும் இன்று ஒரே குறை காதில் விழுகின்றது. காய்கறிகள் பார்வைக்குப் பழுதற்றவையாய் இருக்கின்றன. நிறமும் வடிவும் ஒன்றுபோல் அமைந்திருக்கின்றன. ஆயினும் அடுப்பில் ஏற்றினால் மணம் எழுவதில்லை, நாவில் வைத்தால் சுவை நிற்பதில்லை என்பதே அக்குறை. முன்பெல்லாம் ரசத்திற்கு நான்கு பழம் போதும் என்றும், இப்பொழுது எட்டுப் பழம் கரைத்தும் புளியின் துணையின்றி முடிவதில்லை என்றும் இல்லத்தார் கூறுகின்றனர். முதியோரின் பழம்பெருமைப் பேச்சு என்று சிலர் இதனைத் தள்ளிவிடுவர். வேறு சிலர் பழி முழுவதையும் உரத்தின் தலையில் ஏற்றிவிட்டு அமைதி கொள்வர். இவ்விரண்டும் பொருந்தா. சுவை குறைந்தது உண்மையே என்பதையும், அதற்குக் காரணங்கள் பல உண்டு என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டு கூறியிருக்கின்றனர். அக்காரணங்களுக்கெல்லாம் அடியில் விலை கட்டும் முறை ஒன்று இருக்கின்றது. விலை கட்டும் முறை கூட்டுறவாளரின் கவனத்திற்கு உரியது. ஆதலின், தக்காளி ஒன்றையே சான்றாக எடுத்துக்கொண்டு இப்பொருளை இங்கே ஆராய்வோம்.

சுவை என்பது யாது?

தக்காளி தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர். ஐரோப்பியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தமையால் முன்னாளில் அதனைச் சீமைத் தக்காளி என்றே வழங்கினர். அப்பழத்தில் 100 பங்கில் ஏறத்தாழ 94 அல்லது 95 பங்கு நீர். எஞ்சிய ஐந்தாறு பங்கிற்குள்தான் சர்க்கரை, புளிப்பு, நார், உப்புச் சத்துகள் யாவும் அடங்கியுள்ளன. இவற்றோடு, காற்றில் கலந்து மூக்கிற்கு எட்டும் மணப்பொருள்கள் மிகச் சிறிய அளவில் உள்ளன. தக்காளியில் 400-க்கு மேற்பட்ட மணப்பொருள்கள் காணப்பட்டிருப்பினும், அவற்றுள் சிலவே நமக்குத் 'தக்காளி மணம்' என்னும் உணர்வைத் தருகின்றன.

நாவில் படும் இனிப்பும் புளிப்பும், மூக்கில் படும் மணமும் கூடிய கூட்டையே நாம் சுவை என்கிறோம். சளி பிடித்தவருக்கு உணவு சப்பென்றிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே, சர்க்கரை குறைந்தாலும் சுவை குறையும். சர்க்கரை குறையாது மணம் மட்டும் அகன்றாலும் சுவை குறையும். பழம் வித்திலிருந்து வீடு வந்து சேரும்வரை நான்கு இடங்களில் இவ்விழப்பு நேர்கின்றது.

முதலாவது: வித்து

பழைய தக்காளி வகைகளில் காய் பச்சையாக இருக்கும்பொழுது காம்பைச் சுற்றிய தோள்பகுதி மட்டும் கரும்பச்சையாக இருக்கும். பழுக்கும்பொழுதும் அப்பகுதி பிந்தியே சிவக்கும். சில வேளைகளில் மஞ்சளாகவே நின்றுவிடுவதும் உண்டு. காய் முழுவதும் ஒரே இளம்பச்சையாக இருந்து, ஒருசேரச் சிவக்கும் செடிகளைப் பயிர்ப் பெருக்கத்தார் விரும்பித் தெரிந்தெடுத்தனர். அறுவடைப் பருவத்தை அறிவதற்கும் அது எளிது. கடையில் அடுக்கினால் கண்ணுக்கும் இனிது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இக்குணம் உலகெங்கும் பரவிற்று.

அந்தக் கரும்பச்சைத் தோளின் பயனை 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் விளக்கினர். பச்சையம் செறிந்த அப்பகுதி, இலையைப் போன்றே வெயிலை வாங்கிக் காயினுள் சர்க்கரையைக் கூட்டித் தருகின்றது. ஒருசேரப் பழுக்கும் வகைகளில் அந்தப் பச்சையத்தை வளர்க்கும் மரபுக்கூறு பழுதுபட்டிருக்கின்றது. அழகைத் தேடியபொழுது, ஒருவரும் கருதாமலே, இனிப்பில் ஒரு பங்கு கைநழுவிற்று.

பழுத்தலைத் தாமதப்படுத்தும் மற்றொரு மரபுக்கூறு 1960-களில் கண்டறியப்பட்டது. அதனைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு வகைகள் பறித்தபின் பல நாள் கெடாமல் நிற்கும். ஆனால் பழுக்கும் வேலை மெதுவாக நடக்கும் பழத்தில் மணம் உண்டாகும் வேலையும் குன்றும்.

2017-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் டீமன், ஹாரி க்ளீ முதலியோர் பிற நாட்டாருடன் கூடி, 398 தக்காளி வகைகளின் மரபுக்கூறுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். பழைய வகைகளோடு ஒப்பிட, இக்காலப் பெருவணிக வகைகளில் சுவைக்குரிய மணப்பொருள்களுள் 13 குறைந்திருப்பதை அவர்கள் கண்டனர். பழம் பெரிதாகப் பெரிதாகச் சர்க்கரையின் செறிவு குறைவதும் அதில் தெளிவாயிற்று.

நம் தமிழ்நாட்டுப் பயிரும் இதற்குச் சான்று கூறும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் வகை, அன்னஞ்சி என்னும் நாட்டுத் தக்காளியில் மாற்றம் விளைவித்துப் பெறப்பட்டது. தட்டையுருண்டையாய், பச்சைத் தோளுடன் காய்க்கும் இவ்வகை இன்றும் 'நாட்டுத் தக்காளி' என்ற பெயரால் கேட்டு வாங்கப்படுகின்றது. ஆயினும், தடித்த தோலும் மிகுந்த காய்ப்பும் உடைய வீரிய ஒட்டுகளே சந்தையின் பெரும்பகுதியைக் கைக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது: பறிக்கும் பருவம்

தக்காளி, மா, வாழை, பப்பாளி ஆகியவை பறித்தபின்னும் பழுக்கும் இயல்பின. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி ஆகியவை அவ்வியல்பின அல்ல. அவற்றைப் புளிப்போடு பறித்தால் புளிப்போடே உண்ணவேண்டும். தக்காளி பறித்தபின் பழுக்கும் என்பதனாலேயே அதனை எப்பொழுது வேண்டுமாயினும் பறிக்கலாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பழுக்கும் ஆற்றல் முற்றிய காய்க்கே உண்டு. முற்றாக் காய் நாளடைவில் சிவந்துவிடும். ஆனால் சுவை நிரம்பாது.

காய் முற்றியதா என்பதை அறியக் கத்தி ஒன்று போதும். பச்சைக் காயைக் குறுக்கே அறுத்துப் பார்க்கவேண்டும். விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் காய் முற்றவில்லை. விதையைச் சூழ்ந்து வழவழப்பான கூழ் உண்டாகி, கத்திக்கு அகப்படாமல் விதைகள் வழுக்கி விலகினால் காய் முற்றியது என்று கொள்ளலாம். அதனினும் சிறந்தது செங்காய்ப் பருவம். காயின் அடிப்பகுதியில் சிவப்போட்டம் தெரிந்த பின்னர்ப் பறித்தால், வீட்டிலோ கடையிலோ வைத்துப் பழுத்தாலும் செடியிற் பழுத்த பழத்தின் சுவையைப் பெரிதும் ஒத்திருக்கும்.

பழுக்கவைக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். காய்கள் தாமே வெளிவிடும் எத்திலீன் வாயுதான் பழுத்தலைத் தூண்டுகின்றது. அவ்வாயுவை அடைத்த அறையில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை செலுத்திப் பழுக்கவைக்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இடங்கொடுக்கின்றன. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைத்தலை 2011-ஆம் ஆண்டின் விதிகள் அறவே தடை செய்கின்றன. அக்கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுக் கலப்பு இருக்கக்கூடும். அன்றியும், முற்றாக் காயின் தோலுக்கு அது நிறம் ஊட்டுமேயன்றி உள்ளே இல்லாத சுவையை உண்டாக்காது. மாம்பழக் காலத்தில் நம் பண்டகசாலைகள் இதனைக் கண்டிப்பாக நினைவில் கொள்ளவேண்டும்.

மூன்றாவது: குளிர்

குளிர்பதனம் எல்லாக் காய்கறிகளுக்கும் நன்று என்று கருதுவது தவறு. பச்சைப் பட்டாணியும் இனிப்புச் சோளமும் பறித்த நேரத்திலிருந்தே தம் சர்க்கரையை மாவாக மாற்றத் தொடங்கும். அவற்றைக் குளிர்வித்தால் இனிப்புக் காக்கப்படும். தக்காளியோ வெப்ப நிலத்துப் பயிர். ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே பல நாள் வைத்தால் அது ஊறுபடும்.

2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழுத்த தக்காளிகளை 5 பாகைக் குளிரில் 7 நாள் வைத்துப் பின் வெளியே எடுத்து ஆராய்ந்தனர். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணப்பொருள்கள் பல மிகவும் குறைந்திருந்தன. வெளியே எடுத்துச் சூடேறவிட்ட பின்னும் அம்மணம் முழுவதும் மீளவில்லை. மணத்தை உண்டாக்கும் மரபுக்கூறுகள் குளிரினால் அடங்கிவிட்டமையே காரணம் என்று அவர்கள் கண்டனர். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறமும் ஏறத்தாழ அதே அளவு குளிருடையதே. ஆகவே, நன்றாய் விளைந்து நன்றாய் வந்த பழத்தின் சுவையை நம் வீட்டிலேயே நாம் போக்கிக்கொள்வதும் உண்டு. இரண்டு மூன்று நாளில் தீரும் தக்காளியைக் கூடையில், காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தலே தக்கது.

நான்காவது: நீரும் உரமும்

ஒரு செடி தன் இலைகளில் ஆக்கும் சர்க்கரைக்கு ஓர் எல்லை உண்டு. மிகுந்த நீரும் தழைச்சத்தும் கொடுத்துக் காயின் எண்ணிக்கையையும் பருமனையும் பெருக்கினால், அதே சர்க்கரை மேலும் பல காய்களுக்குப் பகிரப்படும். எடை கூடும், செறிவு குறையும். அறுவடையை ஒட்டி நீரைச் சற்றுக் குறைத்த வயலில் காய் சிறுத்தாலும் சுவை செறிவதைப் பயிரிடுவோர் அறிவர்.

சத்துகளின் நிலையும் இதனைப் போன்றதே. 1950-ஆம் ஆண்டிற்கும் 1999-ஆம் ஆண்டிற்கும் உரிய அமெரிக்க விவசாய இலாகாவின் உணவுச் சத்துப் பட்டியல்களை ஒப்பிட்டு, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து டொனால்டு டேவிஸ் முதலியோர் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 43 தோட்டப் பயிர்களில் 13 சத்துகளை அவர்கள் ஒப்பிட்டனர். புரதம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, ரிபோபிளேவின், வைட்டமின் சி ஆகிய ஆறும் 6 முதல் 38 விழுக்காடு வரை குறைந்திருந்தன. விளைச்சலைப் பெருக்கும் வகைகளை நாடிச் சென்றமையே இதற்குப் பெரிதும் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பாவிலும் ஊடையிலும் இழையைக் குறைத்து நெய்து, கஞ்சியினால் கனம் காட்டிய துணி கடையில் விறைப்பாகத்தான் நிற்கும். முதல் சலவையிலேயே அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனாலன்றோ நெசவாளர் சங்கத்தில் துணியை வாங்கும்பொழுது கனத்தை மட்டும் பாராமல் இழையை எண்ணுகின்றனர்? தக்காளியில் இழை எண்ணுவார் இல்லை.

குற்றம் யாருடையது?

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டவுடன் பயிரிடுவோரைக் குறை கூறுதல் நியாயமன்று. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து சென்னை செல்லும் தக்காளி 400 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் குலுங்கிச் செல்கின்றது. மெல்லிய தோலுடைய பழம் வழியிலேயே நசுங்கிச் சாறாகும்; அந்த நட்டம் விவசாயியின் தலையில் விடியும். வீரிய ஒட்டுகளுள் சில இலைச்சுருள் நோயைத் தாங்கவும் செய்கின்றன. ஒரு பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படும் தக்காளி, 2023-ஆம் ஆண்டின் நடுவில் கண்டதுபோல், மற்றொரு பருவத்தில் கிலோ 100 ரூபாயையும் கடக்கின்றது. இத்தகைய சூதாட்டத்தில் எடையும் உறுதியும் உள்ள காயை நாடுபவனை யார் குறை சொல்ல இயலும்? வணிகரும் அவ்வாறே அழுகாத சரக்கை விரும்புகின்றனர். வாங்குவோரும் கூடையில் கைவிட்டு, பெரிதும் சிவப்புமானதையே பொறுக்குகின்றனர்.

விளைவிப்போனுக்கு எடைக்குக் கூலி உண்டு. வணிகனுக்கு உறுதிக்குக் கூலி உண்டு. கடைக்காரனுக்கு நிறத்திற்குக் கூலி உண்டு. சுவைக்கு மட்டும் இவ்வரிசையில் எவரும் ஒரு காசும் கொடுப்பதில்லை. விலை பெறாத குணம் நாளடைவில் விளைபொருளை விட்டு நீங்குவதில் வியப்பில்லை.

பாலில் இதே சிக்கலைக் கூட்டுறவு இயக்கம் முன்பே தீர்த்திருக்கின்றது. பாலை அளவு ஒன்றையே பார்த்து வாங்கினால், நீர் ஊற்றியவனுக்கு லாபமும் ஊற்றாதவனுக்கு நட்டமும் ஆகும். கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சோதித்து விலை கொடுக்கும் முறையைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் மேற்கொண்டபொழுது, நீருக்கு விலை இல்லாமற் போயிற்று. உபதேசத்தால் ஆகாததைச் சோதனைக் குழாய் ஒன்று செய்து முடித்தது. கரும்பிலும் 2009 முதல் நடைமுறையில் உள்ள நியாயமான ஆதாய விலை முறையில், ஆலையின் சர்க்கரைப் பிழிதிறன் மூல அளவைக் கடக்கும் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டிற்கும் விலை உயர்கின்றது. பாலுக்கும் கரும்புக்கும் இயன்றது காய்கறிக்கு இயலாது என்று கைவிடுவானேன்?

ஒரு சிறு கணக்கு

100-க்கு 4 பங்கு திடப்பொருள் உள்ள தக்காளி கிலோ 30 ரூபாய் என்றும், 6 பங்கு உள்ள தக்காளி கிலோ 40 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதில் கிலோவுக்கு 40 கிராம் திடப்பொருள். இரண்டாவதில் 60 கிராம். 10 கிராமின் விலை முதலாவதில் 7 ரூபாய் 50 காசு. இரண்டாவதில் ஏறத்தாழ 6 ரூபாய் 67 காசு. விலை மிகுந்த பழமே உண்மையில் மலிவானது. எட்டுப் பழம் கரைக்கும் இல்லம் நீரை விலைக்கு வாங்குகின்றது.

விளைவிப்போன் பக்கத்துக் கணக்கையும் மறைத்தல் ஆகாது. ஒட்டு வகை 100 பெட்டி காய்க்கும் நிலத்தில் நாட்டு வகை 60 பெட்டியே காய்க்குமாயின், அவனுக்கு வருமானம் குறையாதிருக்க, பெட்டி விலை மூன்றில் இரண்டு பங்கு உயரவேண்டும். அவ்வளவு உயர்வை வாங்குவோர் ஏற்பரா என்பது ஐயமே. ஆதலின் வித்தை மாற்றுவதை முதற்படியாகக் கொள்ளாமல், செலவு குறைந்தவற்றிலிருந்து தொடங்குதலே அறிவுடைமை.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பறிக்கும் பருவத்தை ஒழுங்குபடுத்தல். தொலைவூர் செல்லும் சரக்கையும் உள்ளூர்ப் பண்டகசாலைக்கு வரும் சரக்கையும் வேறாகப் பிரிக்கவேண்டும். பத்துக் கிலோமீட்டர் செல்லும் பழத்தைச் செங்காயாகப் பறித்து மறுநாளே விற்கலாம். இதற்கு முதல் எதுவும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் பறித்த நாளைக் குறித்த சீட்டு ஒன்று மட்டும் போதும்.

இரண்டாவதாக, சோதனை. பழச்சாற்றில் ஓரிரு துளியைக் கண்ணாடியில் இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கரைந்துள்ள திடப்பொருளின் அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானி என்னும் கைக்கருவி உண்டு. திராட்சைத் தோட்டத்தாரும் கரும்பு ஆலையாரும் அதனை அறிவர். அதன் விலை ஒரு சங்கத்திற்குப் பெருஞ்சுமை ஆகாது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் பத்துப் பழத்தை எடுத்துச் சாற்றைக் கலந்து சோதித்து, அளவை விளைவிப்போன் முன்னிலையிலேயே ஏட்டில் எழுதவேண்டும். முன்னிலையில் செய்யாத சோதனை சச்சரவையே விளைவிக்கும்.

அக்கருவி மணத்தை அளக்காது. ஆகவே மாதம் ஒருமுறை அங்கத்தினர் பத்துப் பேரை அமர்த்தி, விளைவித்தவர் பெயரை மறைத்து எண்ணிட்ட தட்டுகளில் பழங்களை வைத்து, சுவைத்து மதிப்பிடச் செய்யலாம்.

மூன்றாவதாக, தர விலை. முதல் தரத்திற்குக் கிலோவுக்கு ஒரு சிறு தொகை மிகுதியாக என்று பருவத் தொடக்கத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி, அதனைப் பருவ முடிவுவரை மாற்றாதிருக்கவேண்டும். கடையிலும் இரு தரத்தையும் வேறு கூடைகளில் வைத்து, வேறுபாட்டை எழுதித் தொங்கவிடவேண்டும்.

நான்காவதாக, நாட்டு வகைச் சோதனை. மேற்கண்ட மூன்றும் நிலைபெற்ற பின்னர், விருப்பமுள்ள நான்கைந்து அங்கத்தினர் ஆளுக்குப் பத்து சென்ட் நிலத்தில் மட்டும் நாட்டு வகையைப் பயிரிட்டு, விளைச்சல், சேதம், விற்பனை ஆகியவற்றைக் கணக்கெழுதிப் பொதுச்சபையின் முன் வைக்கலாம்.

விளைவிப்போனும் வாங்குவோனும் நேர்முகமாகச் சந்திக்கும் இடத்தில்தான் சுவைக்கு விலை பிறக்கும். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும், 2013-இல் கூட்டுறவுத் துறை சென்னையில் திறந்த பண்ணைப் பசுமைக் கடைகளும் இடைத்தூரத்தைக் குறைக்க எழுந்தவையே. நம் சங்கத்தில் பயிரிடுவோரும் நெசவாளரும் ஒரே பேரேட்டில் அங்கத்தினராய் இருக்கின்றனர். ஒருவர் தறியில் உழைத்துப் பெற்ற கூலியே மற்றவருக்குக் காய்கறி விலையாகச் செல்கின்றது. அக்கூலிக்கு ஈடாக நிறமூட்டிய நீரைக் கொடுப்பதும், விளைவிப்போனின் நல்ல பழத்திற்குச் சப்பைப் பழத்தின் விலையையே கொடுப்பதும் கூட்டுறவு ஆகா. இழையை எண்ணி வாங்கும் நேர்மையைக் காய்கறிக் கூடைக்கும் கொண்டுவருவோமாக.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் பண்டகசாலைக்கு வரும் தக்காளி பறித்து எத்தனை நாள் ஆனது என்பதைக் கூறவல்லவர் யார்? அதனைக் குறிக்க ஏற்பாடு உண்டா?

2. நம் ஊரிலிருந்து வெளியூர் செல்லும் காய் எவ்வளவு? அதே காய் வெளியூரிலிருந்து நம் ஊர்க்கடைக்குத் திரும்பி வருகின்றதா?

3. சுவைத் தரத்திற்கு மிகுதி விலை கொடுப்பதாயின், அத்தொகை எவ்வளவாக இருக்கலாம்? அதனை ஏற்க வாங்குவோருள் எத்தனை பேர் முன்வருவர்?

4. தக்காளியைத் தவிர, நம் வட்டாரத்தில் சுவை குறைந்துவிட்டதாகக் கருதப்படும் காய் அல்லது கனி யாது? அது வித்து, பருவம், குளிர், நீர் ஆகிய நான்கில் எங்கே தன் சுவையை இழக்கின்றது?